குழி இல்லாத ஆலை

ஆலையின் பின்புறத்தில் ஒரு குழி இருந்தது. அதை யாரும் அழகு என்று சொன்னதில்லை. கெட்டுப்போன மாவுக்கரைசல், தொட்டிகளைக் கழுவிய தண்ணீர், குழாயை அடைத்த கசடு, ஒருமுறை காவலாளியின் சைக்கிள் என்று வந்ததையெல்லாம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. மனிதர் குடியிருக்கும் எந்த வீட்டுக்கும் ஒரு கொல்லைப்புறம் வேண்டியிருக்கிறது. ஆலைக்கு அந்தக் குழி. புதிதாக வந்த பொது மேலாளர் அதைப் பார்த்த முதல் நாளே முகத்தைச் சுளித்தார். தன் நிர்வாகத்தில் இப்படியொன்று வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

மேலாளருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'முழுமதிப்பு'. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும் என்று முதலில் பந்தயம் கட்டினார்கள். மத்தியானத்துக்குள்ளேயே கணக்கு கைமீறிப் போனதால் பந்தயத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "உள்ளே வருகிற ஒவ்வொரு மணியும் முழுமதிப்போடு வெளியே போக வேண்டும்" என்பார். வாசலில் அரை மைலுக்கு நிற்கும் சோள லாரிகளைப் பார்த்துச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். உலர்த்தும் உருளையின் புகை அந்தப் பக்கம்தான் வீசும் என்பதும் உண்மை.

ஆலை செய்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மக்காச்சோளத்தை அரைத்து, தண்ணீரில் கரைத்து, வேகவைத்து, ஈஸ்ட்டைப் போட்டால் மாவுச்சத்து சாராயமாகிவிடும். அதைக் காய்ச்சி வடித்து, எத்தனால் என்று மரியாதையாகப் பெயரிட்டு லாரியில் ஏற்றினால் பெட்ரோலில் கலக்கப் போய்விடும். சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படி. இன்னொரு பங்கு புளிக்கும்போதே காற்றாகக் கிளம்பும். அதையும் பிடித்து அடைத்து சோடா கம்பெனிக்கு விற்றார்கள். மீதி ஒரு பங்கு அடியில் கூழாகத் தங்கும். கூழைப் பிழிந்தால் சக்கை. பிழிந்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் பழுப்பு நிறத்தில் ஒரு பாகு. பாகைச் சக்கையில் ஊற்றிக் கலந்தால் மாடு தொட்டியையே நக்கும். பாதியை ஈரமாகவே பக்கத்து மாட்டுக் கொட்டகைகளுக்குக் கொடுத்தார்கள். பாதியை உலர்த்தித் தூளாக்கி மொத்த வியாபாரிக்கு அனுப்பினார்கள்.

சக்கை என்ற சொல்லை மேலாளர் தடைசெய்தார். 'இணைப்பொருள்' என்றுதான் சொல்ல வேண்டும். கழிவு என்பது இன்னும் பெரிய குற்றம். வாய் தவறிச் சொன்னவர் மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று ஆலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கொதிகலன்காரர் அப்படி நின்றபோது நெடுநேரம் யோசித்தார். பிறகு, "கேட் பெருசா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்தது குழி. அதை மூடி மண் நிரப்பிப் புல் போட்டார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் சோளக்கதிர். அதன் உச்சியிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும். கழிவே இல்லாத ஆலை என்று வாசலில் பலகை ஏறியது. சொல்லைத் தடைசெய்தார், இடத்தை மூடினார். பொருள் என்ன செய்யும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஃபோர்மேன்தான் கேட்டார், காலைக் கூட்டத்தில்.

"சார், தொட்டி கழுவுற தண்ணிய இனிமே எங்க விடுறது?"

"ஏன் விடணும்?"

"கழுவுன தண்ணி சார்."

"உங்க பார்வையிலதான் கோளாறு. அந்தத் தண்ணியில என்ன இருக்கு? சோளம் இருக்கு. சோளத்துல என்ன இருக்கு?"

ஃபோர்மேன் ஒரு கணம் தயங்கினார். "முழுமதிப்பு" என்றார்.

"அவ்வளவுதான். பாகுல சேத்துடுங்க."

"அதுல ஆசிடும் இருக்குமே சார். கந்தக ஆசிட் ஊத்தித்தான கழுவுறோம்."

மேலாளர் திரும்பி ஆய்வகத் தலைவரைப் பார்த்தார். ஆய்வகத் தலைவருக்கு 'சொட்டு' என்று பெயர். கண்ணாடிக் குழலில் சொட்டுச் சொட்டாக விட்டே பழகியதால் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. ஒரு வார்த்தை விழுந்தால் அடுத்தது விழக் காத்திருக்க வேண்டும். கெட்டிக்காரர். சண்டை பிடிக்காதவர். சண்டை பிடிக்காமல் இருப்பதும் பயப்படுவதும் வேறுவேறு என்று அவர் உறுதியாக நம்பினார்.

"அளவு... கம்மிதான் சார்" என்றார். "உடனே... ஒண்ணும் தெரியாது."

இந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவது அன்றைக்கு உண்மை. இரண்டாவது எச்சரிக்கை. மேலாளருக்கு இரண்டும் சேர்ந்து சம்மதமாகக் கேட்டது. சொட்டு அதைத் திருத்தவில்லை.

அவருக்குத் தெரியாததா? காய்ச்சும்போது பறக்கத் தெரிந்ததெல்லாம் பறந்துவிடும். சாராயம் ஆவியாகப் போகும், காற்று காற்றோடு போகும். கந்தகத்துக்குப் பறக்கத் தெரியாது. ஆலை ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேகவைக்கப் பயன்படுத்தியது. ஒவ்வொரு சுற்றிலும் ஆசிட் கொஞ்சம் ஏறும், ஏறியது இறங்காது. ஆய்வகத்தில் எத்தனாலை மணிக்கு மணி சோதித்தார்கள். வண்டி இஞ்சின் கெட்டுவிட்டால் கேள்வி வரும். சக்கையில் புரதம் பார்ப்பார்கள், கொழுப்பு பார்ப்பார்கள், ஈரம் பார்ப்பார்கள். கந்தகம் பார்க்க யாரும் சொன்னதில்லை. மாடு கேள்வி கேட்காது.

*

சொட்டுவின் தங்கை, ஆலையின் சங்கு கேட்கிற தூரத்தில் மாடு வைத்திருந்தாள். ஒரு கன்றுக்குட்டியில் ஆரம்பித்துக் கொட்டகை நிறையப் பெருக்கியவள். அவள் கறப்பாள், அவள் புருஷன் பைக்கில் கேன்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஊற்றுவான். வேறு பிழைப்பு கிடையாது. முன்பெல்லாம் தீவனக் கடையில் உடைத்த சோளம் வாங்கிப் போட்டாள். ஆலை வந்தபின் சுற்றுவட்டாரச் சோளமெல்லாம் லாரியேறி அந்தப் பெரிய கேட்டுக்குள் போய்விட, கடையில் சோளத்தைக் கண்ணில் காட்டவில்லை. அப்போது அண்ணன்தான் சொன்னார், ஈரச் சக்கை போடு, பால் கூடும் என்று. கூடியது. 'அண்ணன் சாப்பாடு' என்றே அதற்குப் பெயர் வைத்தாள்.

ஒரு விடுமுறை நாளில் சொட்டு அங்கே போனார். தங்கை சாணக்கூடையோடு எதிரே வந்தாள்.

"வா அண்ணே. உன் மருமக ஒருத்தி நேத்துலேருந்து மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நிக்கறா. உனக்குத்தான் பெரிய படிப்பாச்சே, என்னன்னு கேளு."

கோணக்கொம்பி என்ற மாடு கழுத்தை வளைத்து முகத்தை நேரே மேலே தூக்கி வைத்திருந்தது. கூரையில் பார்க்க எதுவுமில்லை. மற்ற மாடுகள் தொட்டியில் வாய் வைத்திருக்க, அது மட்டும் யாரோ மேலேயிருந்து கூப்பிட்டதுபோல நின்றது.

தங்கையின் புருஷன் கேனைத் துலக்கியபடியே சொன்னான்: "ஒண்ணுமில்ல மச்சான். கூரை எங்க ஒழுகுதுன்னு பாக்குது. நான் செய்யாத வேலைய மாடாவது செய்யட்டுமேன்னு விட்டுட்டேன்."

"வாயக் குடுத்தா போதும் இவருக்கு" என்றாள் தங்கை. "அண்ணே, கிட்ட போய்ப் பாரு. கண்ணுகிட்ட கையக் கொண்டுபோனாக்கூட இமைக்க மாட்டேங்குது."

சொட்டு கையைக் கொண்டுபோனார். இமைக்கவில்லை. கண் தெளிவாகத்தான் இருந்தது, பெரிதாக, ஈரமாக. அதற்குப் பின்னால் ஆள் இல்லை. தாடை மட்டும் நறநறவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது, வாயில் ஒன்றும் இல்லாமலே. அப்போது மாடு ஏப்பம் விட்டது. அழுகிய முட்டை நாற்றம்.

சொட்டு அந்த நாற்றத்தோடு கல்லூரிக் காலம் முதல் பழகியவர். கந்தகம் தின்ற வயிறு அப்படித்தான் மூச்சுவிடும். அந்த மூச்சை மாடே உள்ளே இழுக்கும். அது மூளைக்குப் போகும். அவர் ஒரு அடி பின்னால் வந்தார்.

"டாக்டர் வந்தாரு" என்றாள் தங்கை. "ஊசி போட்டாரு. மூளையில ஏதோ கோளாறாம். தின்னுறதுலயோ குடிக்கிறதுலயோ வந்திருக்கும், பாருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. தீவனம் உன் ஆலையுது. தண்ணி என் கிணத்துது. எதண்ணே பாக்கட்டும்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். சொட்டுவின் வாயில் வார்த்தை திரண்டு, தொங்கி, விழுந்தது.

"தண்ணிய... பாரு."

அந்த வாரம் அவர்கள் கிணற்றைத் தூர் வாரினார்கள். அவள் புருஷன் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கி, சேற்றை வாளி வாளியாக அனுப்பினான். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "இங்க ஒரு செருப்பு கிடக்குது. மாட்டுக்கு இதுதான் ஒத்துக்கல போல." மாடுகள் சுத்தமான தண்ணீரைக் குடித்தன. குடித்துவிட்டுத் தொட்டிக்குப் போய் அண்ணன் சாப்பாட்டைத் தின்றன. கோணக்கொம்பி சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றது. சுவரைத் தள்ளிவிட்டு வெளியே போகப் பார்ப்பதுபோல ஒரு பகல் முழுக்க அப்படியே நின்று, சாய்ந்து, காலை உதைத்துக்கொண்டு செத்தது. பக்கத்துக் கட்டுத்தறியில் இன்னொரு மாடு மெதுவாக முகத்தைத் தூக்கத் தொடங்கியது.

*

சாப்பாட்டு வேளையில் ஆய்வகத்தில் யாருமில்லாதபோது சொட்டு பாகில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து வடிகட்டினார். பேரியம் கரைசலை விட்டார். கந்தகம் இருந்தால் தெளிந்த நீர் கலங்கும். எவ்வளவு கலங்குகிறதோ அவ்வளவு கந்தகம். ஒரு சொட்டுதான் விட்டார். குழாய் முழுக்கப் பாலாக வெளுத்துப் போயிற்று.

மேலாளரின் அறையில் மூன்று பக்கம் கண்ணாடி. நாற்காலியிலிருந்தே புல்தரையும் சோளக்கதிர் ஊற்றும் தெரியும். மற்ற ஆலைகளிலிருந்து விருந்தினர் குழு ஒன்று கழிவில்லா ஆலையைப் பார்க்க வரவிருந்தது. மேலாளர் வரவேற்புரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சார்... பாகுல கந்தகம்... ரொம்ப ஏறிடுச்சு."

"கந்தகம் சத்துதானே?"

"அளவா... இருந்தா."

"எதுவுமே அளவா இருந்தாத்தான் சத்து. தண்ணிகூட அப்படித்தான்." தான் சொன்னது அவருக்கே பிடித்துப் போயிற்று. உரையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

"மாடு... குருடாகுது சார். ஒண்ணு செத்துருச்சு."

மேலாளர் பேனாவை வைத்தார். "யாராவது எழுத்துமூலமா புகார் குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அது தகவல் இல்ல. வருத்தம். வருத்தத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்."

சொட்டு நின்றுகொண்டே இருந்தார். அவர் வாழ்க்கையில் மேலதிகாரி முன்னால் இவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை. "இருக்கற பாகை... கொட்டணும் சார். கழுவுற தண்ணிய... தனியா விடணும்."

"எங்க கொட்டுவீங்க?"

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கல் சோளக்கதிர் தண்ணீரைப் பீச்சியடித்துக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் அதன் தோகையைத் துணியால் துடைத்தார். ஊரில் இருக்கிற எந்தத் தகரக் கொட்டகைக்கும் ஒரு குப்பைமேடு உண்டு. இவ்வளவு பெரிய ஆலையில் ஒரு வாளி கெட்டுப்போன பாகை ஊற்ற இடமில்லை. தொட்டிகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. லாரிகள் வந்துகொண்டே இருந்தன. வடிகலனை நிறுத்த முடியாது. பாகு எங்காவது போயாக வேண்டும். போகிற வழிகள் இரண்டுமே மாட்டின் வாயில்தான் முடிந்தன.

"ஈரச் சக்கையில... ஊத்த வேண்டாம் சார்" என்றார் சொட்டு. "காயவைக்கிற பக்கம்... மட்டும் ஊத்தலாம்."

அதைச் சொல்லும்போது அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. உலர்ந்த தூள் மொத்த வியாபாரிக்குப் போகிறது. வியாபாரி எங்கெங்கோ அனுப்புவான். வேறு தீவனங்களோடு கலப்பான், கலந்தால் நீர்த்துவிடும். நீர்க்காவிட்டாலும் அந்த மாடுகளை அவர் பார்த்ததில்லை. அவற்றுக்குக் கோணலான கொம்பு இல்லை, முகம் இல்லை. ஈரச் சக்கை தங்கை வீட்டுக்குச் சுத்தமாகப் போகும். மனசாட்சி என்பது கையில் வடிகட்டித் தாளோடு வந்தால் எதை வேண்டுமானாலும் வடிகட்டிவிடும்.

மேலாளரின் முகம் மலர்ந்தது. பாகு கனமானது, தூளில் ஊற்றினால் எடை நிற்கும். "அருமை. இதுக்குப் 'பாகு மறுநெறிப்படுத்தல் திட்டம்'னு பேர் வெச்சுடலாம். நீங்க சக்கைன்னு சொன்னத நான் காதுல வாங்கல."

*

மறுநாள் சாயங்காலம் சொட்டு தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் கறந்துகொண்டிருந்தாள்.

"நாளையிலேருந்து... தீவனம் நல்லா இருக்கும்" என்றார்.

வாளிக்குள் விழுந்துகொண்டிருந்த பால் சத்தம் நின்றது. "இதுவரைக்கும்?"

"இதுவரைக்கும்... நல்லாத்தான்."

"நல்லா இருந்தது நாளையிலேருந்து நல்லா இருக்கப்போவுது. இதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

"சும்மா... இந்தப் பக்கம்."

"சும்மா வர்ற ஆளா நீ? கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலே கைய பிசைஞ்சுகிட்டு நிப்ப." அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மாட்டின் முதுகைப் பார்த்தார். "கிணத்த வேற தூர் வார வெச்ச."

 அவள் அதற்குமேல் கேட்கவில்லை. பால் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அந்த நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் என்று சொட்டு பிறகு நினைக்கவில்லை, அப்போதே நினைத்தார். சொன்னால் அவள் ஆலை வாசலுக்கு வந்து கத்துவாள். வேலை போகும். அதுதான் தீவனத்தைச் சரிசெய்தாகிவிட்டதே, இனி எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார்.

திட்டம் தொடங்கிய நாள் முதலே உலர்த்தும் உருளை இரட்டை வேலை செய்துகொண்டிருந்தது, இரண்டு வாரம் கழித்து விருந்தினர் குழு வந்த அன்றும். பாகு அதிகமானதால் தூள் காயாமல் உருண்டை உருண்டையாகத் திரண்டது. கருகிய இனிப்பு வாசனை தெருவெல்லாம் படிந்தது. விருந்தினர் அதை மூக்கால் இழுத்துப் பாராட்டினார்கள். புல்தரையில் பந்தல் போட்டு மேலாளர் பேசினார். இயற்கைக்குக் கழிவு தெரியாது என்றார். அந்த இயற்கையின் மாணவன் நான் என்றார். தலைமேல் ஊற்றின் சாரல் விழுந்து அவர் கண்ணாடி மங்கியதால் உரையின் நடுவில் ஒரு பக்கத்தைத் தாண்டி விட்டார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைதட்டினார்கள்.

ஃபோர்மேன் சொட்டுவின் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "என்ன சார், உங்க தங்கச்சி வீட்டுக்காரர் வண்டி இப்பல்லாம் கேட்டுப் பக்கமே வர்றதில்ல?"

"வரலையா?"

"போன வாரத்துலேருந்தே வரல. ஈரச் சக்கை வேணாம்னுட்டாங்களாம். கேட் ஆளு சொன்னான். அந்த வரிசை வீட்டுக்காரங்க எல்லாருமே வேணாம்னுட்டாங்க. உங்க தங்கச்சி சொன்னா அங்க மறுபேச்சு கிடையாதாமே."

"அப்ப மாட்டுக்கு... என்ன போடறாங்க?"

"கடையில மூட்டை வாங்குறாங்க போல. வேற என்ன கிடைக்குது இந்த ஊர்ல?" ஃபோர்மேன் மேடையைப் பார்த்துச் சோம்பலாகக் கைதட்டினார். "நம்ம தூளைத்தான் அந்த வியாபாரி மூட்டை கட்டறான்னு கேள்வி. தூரமா அனுப்பறதுக்கு அவனுக்கென்ன பைத்தியமா, பக்கத்துக் கடையிலயே விக்கறப்ப?"

மேலாளர் 'முழுமதிப்பு' என்று சொல்லி விரலை உயர்த்தியபோது சொட்டு எழுந்து நடந்தார். பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டைத் தாண்டியதும் நடை ஓட்டமாயிற்று.

*

கொட்டகையில் ஒரு மாடும் கத்தவில்லை. வாசல் ஓரத்தில் புது மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அச்சடித்த ஒரு மாடு பல்லைக் காட்டிச் சிரித்தது. பிரித்திருந்த மூட்டையில் சொட்டு கையை விட்டார். பழுப்புத் தூள், கருகிய இனிப்பு வாசனை. விரல்களுக்கிடையில் கறுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் வந்தன. அவருக்கு அவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கவில்லை.

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியா? உன் சாப்பாட்ட நிறுத்திட்டேன். கோவிச்சுக்காத."

"ஏன்... நிறுத்தின?"

"நீ அன்னைக்கி வந்து நின்ன பாரு, அந்த மூஞ்சிய எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல கண்ணாடிய உடைச்சுட்டு நிப்பியே, அதே மூஞ்சி. பொய் சொல்றேன்னு தெரிஞ்சுது. எதப் பத்தின்னு தெரியல. அப்புறம் வீட்டுல உக்காந்து யோசிச்சேன். தீவனம் நல்லா இருக்கும்னு நீ சொன்னா, தீவனத்துலதான் ஏதோ இருக்கு. அதான் ஈரச் சக்கைய விட்டுட்டு, அக்கம்பக்கத்துலயும் சொல்லிட்டேன், என் அண்ணன் ஆலையிலேருந்து ஒரு பிடிகூட வாங்காதீங்கன்னு. எல்லாரும் மூட்டைக்கு மாறிட்டோம்." அவள் அவர் உள்ளங்கையில் இருந்த கறுப்பு உருண்டைகளைப் பார்த்தாள். "மாடுங்க அந்த உருண்டையத்தான் மொதல்ல பொறுக்குது. அவ்வளவு ருசி போல. ஆனா பாரு, இன்னும் ஒண்ணுக்கும் குணமாகல. பழைய சக்கையோட வேகம் குறைய நாளாகும்னு நெனைக்கறேன்."

அவர் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்திருந்தது. கட்டுத்தறி வரிசையில் மாடுகள் நின்றன. முதலாவது முகத்தை மேலே தூக்கியிருந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். கடைசிவரை எல்லாம் ஒரே பக்கம், ஒரே உயரத்துக்கு, வாயில்லாமல் ஏதோ ஒன்றை அண்ணாந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல நின்றன. கொட்டகை முழுக்க நறநறவென்று பல் அரைபடும் சத்தம். அவள் புருஷன் ஒரு கன்றின் தலையைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். விட்டால் மறுபடி முட்டப் போயிற்று. அவன் சொட்டுவைப் பார்த்தான். 

"இப்ப சொல்லு" என்றாள் தங்கை.

சொட்டு சொன்னார். குழியை மூடியதை, கழுவிய தண்ணீரை, பாகை, பாலாக வெளுத்த குழாயை, ஈரச் சக்கையிலிருந்து பாகை எடுத்துத் தூளில் ஊற்றச் சொன்னது யார் என்பதை. அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

 அவர் முடித்ததும் அவள் மூட்டையின் மேல் இருந்த சிரிக்கும் மாட்டைப் பார்த்தாள்.

"அப்ப உன் ஈரச் சக்கை இப்ப சுத்தமா இருக்குதா?"

"இருக்கு."

"நான் வேணாம்னது."

"ஆமா."

"நாங்க போடறது இது."

அவர் தலையாட்டினார்.

"இதுங்களுக்கு இப்ப என்ன குடுக்கணும்? சொட்டுச் சொட்டாச் சொல்லாத."

"வைக்கோலும் தண்ணியும் மட்டும். டாக்டர் போட்ட அதே ஊசி, எல்லாத்துக்கும், இன்னைக்கே. கண்ணு போனது திரும்பாது. நிக்கறதுல சிலது பிழைக்கும்."

"பால்?"

"வத்திடும்."

புருஷன் உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னான்: "இந்தக் கன்னுக்குட்டிய யாராவது புடிங்க. நான் டாக்டரக் கூட்டிட்டு வர்றேன்."

"அண்ணன் புடிப்பாரு" என்றாள் அவள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "நான் அந்தக் கடைசி வீடு வரைக்கும் போகணும். நான் சொல்லித்தான் எல்லாரும் மூட்டை வாங்கினாங்க. நான்தான் போய் நிறுத்தச் சொல்லணும். ஏன்னு கேப்பாங்க. நான் சொல்றப்ப உன் பேரையும் சேத்துத்தான் சொல்வேன். உங்க மேலாளர் பேரையும்."

"சொல்லு" என்றார் சொட்டு.

"ஆலைக்கு வந்தும் சொல்வேன். பந்தல் பிரிக்கறதுக்குள்ள."

"சொல்லு."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். பைக் சத்தம் கிளம்பி எதிர்த்திசையில் தேய்ந்தது. சொட்டு தரையில் உட்கார்ந்து கன்றின் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது சுவரைத் தேடியது. சுவர் கிடைக்காததால் அவர் நெஞ்சில் நெற்றியை வைத்து முட்டித் தள்ளியது, பலம் குறையாமல், நிறுத்தாமல். அழுகிய முட்டை வாசனையோடு சூடான மூச்சு அவர் முகத்தில் அடித்தது. தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தங்கை தட்டும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்துக்கொண்டே வந்து திறந்தார்கள். அவள் குரல் தாழ்ந்து ஏதோ சொன்னது. சிரிப்பு நின்றது.  பிறகு அவள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.